அடுத்த வாய்தா எந்தத் தேதி?

எல்லோருக்கும் வணக்கம்.

இந்த அரங்கில் இருக்கும் பலர் அமெரிக்கக் குடியேற்றத் துறையின் கடிதம் ஒன்றையாவது கையில் வாங்கியிருப்பீர்கள். எச்1பி நீட்டிப்பு, கிரீன் கார்டு, ஏதோ ஒன்று. நமக்கு ஆங்கிலம் தெரியும். கம்பெனி வைத்துக்கொடுத்த வக்கீலும் இருக்கிறார். அப்படியும் அந்த உறையைப் பிரிக்கும்போது வயிற்றைக் கலக்கத்தான் செய்கிறது. இது எதுவுமே இல்லாமல் நாடுகடத்தல் வழக்கில் நிற்கிறவர்களைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அவர்களுக்குத் துணையாக அரசே பணம் கொடுத்து ஆட்களை அமர்த்திய திட்டங்கள் இருந்தன. அவை நன்றாக நடந்தன என்பதையும், நடந்தபின் அவற்றுக்கு என்ன ஆனது என்பதையும் சொல்கிறேன்.

இந்த நாட்டில் கொள்ளை வழக்கில் பிடிபட்டவரிடம் காசில்லை என்றால் அரசு வக்கீல் வைத்துக் கொடுக்கும். குடியேற்ற நீதிமன்றத்தில் அந்த உரிமை கிடையாது. அங்கே நடப்பது குற்ற வழக்கு அல்ல, சிவில் வழக்கு. வக்கீல் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அரசுக்குச் செலவில்லாமல் என்று சட்டமே சொல்கிறது. துணைக்கு யாருமில்லாமல் வரும் குழந்தைக்கும் அதே சட்டம்தான். எதிர்ப்பக்கத்தில் அரசு வக்கீல் மட்டும் தவறாமல் இருப்பார்.

குவாத்தமாலாவின் மலைக் கிராமத்திலிருந்து ஒரு பெண் இரண்டு பிள்ளைகளுடன் வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் பேசுவது மாம் என்ற மாயா பழங்குடி மொழி, ஸ்பானிஷ் அரைகுறை. டெக்சாஸ் எல்லையில் கையில் ஒரு நோட்டீஸைக் கொடுத்து வெளியே விடுகிறார்கள். ஆங்கிலத்தில் இருக்கிறது. மேலே ‘ஏ’ என்று தொடங்கும் ஓர் எண். அதுதான் இனி அவளுடைய அடையாளம், ஆனால் அதை அவளுக்கு யாரும் சொல்வதில்லை. மேரிலாந்தில் அக்கா வீடு இருக்கிறது. பஸ் ஏறி அங்கே போகிறாள். நோட்டீஸில் இருப்பதோ டெக்சாஸ் நீதிமன்றம். வழக்கை மாற்றிக்கொள்ள மனுப் போட வேண்டும். அது அவளுக்கு எப்படித் தெரியும்?

இதைவிடப் பெரிய குழி ஒன்று இருக்கிறது. குடியேற்றச் சட்ட அமலாக்க அமைப்பான ஐசிஇ உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ் வருகிறது. நீதிமன்றமோ நீதித் துறையின் கீழ். இரண்டும் வேறு வேறு. ஐசிஇ அலுவலகத்தில் கையெழுத்துப் போடப் போனவள் அங்கேயே புது விலாசத்தைச் சொல்லிவிட்டு வருகிறாள். அரசாங்கத்திடம் சொல்லியாகிவிட்டது என்று நினைக்கிறாள். நீதிமன்றத்துக்கு அது போய்ச் சேரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அதற்குத் தனிப் படிவம், வீடு மாறிய 5 நாளுக்குள் தர வேண்டும். தரவில்லை என்றால் விசாரணைத் தேதி பழைய விலாசத்துக்குப் போகும். அன்றைக்கு அவள் வரவில்லை. அரசு வக்கீல் தன் ஆவணங்களைக் காட்டுகிறார், நீதிபதி அவள் இல்லாமலேயே நாடுகடத்த உத்தரவு போட்டுவிடலாம். அப்புறம் இங்கே தங்குவதற்கான சில சட்ட நிவாரணங்களை 10 ஆண்டுகளுக்குக் கேட்கக்கூட முடியாமல் போகலாம். பதிவேட்டில் அவள் ‘ஆஜராகாதவள்’. செய்தியில் ‘தலைமறைவு’.

நோட்டீஸில் இருக்கும் தேதியையாவது நம்பலாமா என்றால் அதுவும் இல்லை. 2018இல் உச்ச நீதிமன்றம், தேதியும் நேரமும் இல்லாத நோட்டீஸ் சட்டப்படியான நோட்டீஸ் ஆகாது என்று ஒரு வழக்கில் சொன்னது. உடனே நீதிமன்றத்தில் பதிவாகாத தேதிகளையெல்லாம் அச்சடித்துக் கொடுத்தார்கள். 2019 ஜனவரி 31 அப்படி ஒரு தேதி. அன்று பல ஊர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் குளிரில் குழந்தைகளோடு நீதிமன்ற வாசலில் வரிசை கட்டி நின்றார்கள். பலருக்கு உள்ளே வழக்கே பட்டியலில் இல்லை. ஓடிப்போகிறவர்கள் என்று யாரைச் சொல்கிறார்களோ அவர்கள்தான் நண்பர்களே, இல்லாத வாய்தாவுக்கும் வந்து நின்றார்கள்!

சரி, இதற்கு என்ன செய்தார்கள்? 2016 ஜனவரியில் ஐசிஇ ஒரு திட்டம் தொடங்கியது: குடும்பங்களுக்கான கேஸ் மேனேஜ்மென்ட். நியூயார்க், வாஷிங்டன்–பால்டிமோர், சிகாகோ, மயாமி, லாஸ் ஏஞ்சலஸ் என்று ஐந்து பெருநகர்ப் பகுதிகளில் நடந்தது. கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், சின்னக் குழந்தைகள் உள்ளவர்கள், கொடுமைக்கு ஆளாகி வந்தவர்கள் ஆகியோரை அடைத்து வைக்காமல், ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கேஸ் வொர்க்கரைக் கொடுத்தார்கள். அவர் அந்த நோட்டீஸை எடுத்து வைத்துக்கொண்டு வரி வரியாக விளக்குவார். எந்தக் கட்டடம், எந்த பஸ், எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று எழுதிக் கொடுப்பார். இலவச வக்கீல்களின் பட்டியலைக் கொடுப்பார். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, தாயை டாக்டரிடம் அனுப்ப வழிசெய்வார். வழக்கு தோற்றால் ஊர் திரும்புவதற்கும் உதவுவார். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரையும் இங்கேயே தங்கவைக்கும் தந்திரம் இது என்று சிலர் பேசுகிறார்கள். வழக்கு ஒழுங்காக நடந்து ஒரு முடிவுக்கு வர வேண்டும் என்பதுதான் நோக்கம்.

950க்கும் மேற்பட்ட குடும்பங்கள் சேர்ந்தன. அலுவலகச் சந்திப்புகளுக்கு வந்தவர்கள் சராசரியாக 99 சதவீதம். நீதிமன்றத்துக்கு 100 சதவீதம். ஐசிஇயே கொடுத்த கணக்கு இது. செலவு ஒரு குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 36 டாலர் அளவில்தான். அதே காலத்தில் குடும்பங்களை அடைத்து வைக்கும் முகாம்களில் ஓர் ஆளுக்கே ஒரு நாளைக்கு 300 டாலருக்கு மேல் ஆனது.

2017 ஜூனில் நிறுத்திவிட்டார்கள்.

சொன்ன காரணம், செலவு அதிகம் என்பது. எதோடு ஒப்பிட்டு? கணுக்காலில் ஜிபிஎஸ் பட்டை மாட்டும் கண்காணிப்புத் திட்டத்தோடு. 2004 முதல் நடக்கும் அதில், இப்போது செல்போனில் முகத்தைக் காட்டி வருகையைப் பதிகிற செயலியும் உண்டு. அது ஓர் ஆளுக்கு நாளைக்குச் சில டாலர்தான். ஆனால் பட்டை ஆள் எங்கே இருக்கிறார் என்று சொல்லுமே தவிர, நாளைக்கு எங்கே போக வேண்டும் என்று அந்த ஆளுக்குச் சொல்லாது. கர்ப்பிணியின் வீங்கிய காலில் அது என்ன செய்யும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

எதிர்வாதத்தில் நியாயமான ஒன்றையும் சொல்ல வேண்டும். சேர்ந்த குடும்பங்கள் கவனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. பெரும்பாலான வழக்குகள் முடிவதற்குள் திட்டமே முடிந்துவிட்டது. தோற்றவர்கள் கடைசிவரை சொன்னபடி நடந்திருப்பார்களா என்பதற்கு அந்த 99இல் முழுப் பதில் இல்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வழக்குகள் பல ஆண்டுகள் இழுக்கும் நீதிமன்றத்தில் ஒரு திட்டத்தை ஒன்றரை ஆண்டில் மூடிவிட்டு, முடிவு எங்கே என்று கேட்பது எப்படிச் சரியாகும்? அதற்கு முன்பே, 1997 முதல் 2000 வரை, நியூயார்க்கில் வேரா என்ற நீதித் துறை ஆய்வு நிறுவனம் அரசின் பணத்தில் இதுபோன்ற முயற்சி ஒன்றை நடத்தியது. நெருங்கிய மேற்பார்வையில் இருந்தவர்களில் 91 சதவீதம் பேர் விசாரணைகளுக்கு வந்தார்கள். அதுவும் தொடரவில்லை.

எனக்கு வேறொரு குறை உண்டு. 2016 திட்டத்தின் ஒப்பந்தம் போனது, தனியார் சிறைகள் நடத்தும் ஜியோ குழுமத்தின் கிளை நிறுவனத்துக்கு. ஆட்களை அடைத்து வைத்துச் சம்பாதிக்கிறவர்களிடமே அடைக்காமல் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கொடுத்தார்கள். களத்தில் வேலை செய்த தொண்டு அமைப்புகள் அவர்களுக்குக் கீழே துணை ஒப்பந்தத்தில் இருந்தன. இந்தத் தப்பை நாடாளுமன்றம் பிறகு ஓரளவு திருத்தியது. 2021 பட்ஜெட்டில் 50 லட்சம் டாலர் ஒதுக்கி, புது முன்னோட்டத் திட்டத்தை ஐசிஇயிடம் தராமல், உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் குடிமை உரிமைகள் பிரிவின் தலைமையில் தொண்டு நிறுவனங்கள் அடங்கிய வாரியத்திடம் விட்டது. சேர்வது அவரவர் விருப்பம். மனநல ஆலோசனை, ஆட்கடத்தலுக்கு ஆளானாரா என்ற விசாரிப்பு, சட்ட விளக்கம், திரும்பிப் போகிறவர்களுக்கு ஊரில் காலூன்ற உதவி, எல்லாம் இருந்தது. ஹூஸ்டனிலும் நியூயார்க்கிலும் தொடங்கினார்கள்.

2025 மார்ச்சில் அந்தப் பிரிவின் பணியாளர்களில் ஏறக்குறைய எல்லோரையும் வெளியேற்றுவதாக அறிவித்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் நிறைவேறிய சட்டத்தில் தடுப்புக் காவலுக்கு மட்டும் 4,500 கோடி டாலர். 50 லட்சத்தில் தொடங்கிய திட்டத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பணம் போனதைவிட என்னைக் கலங்கவைப்பது வேறு. 2025 மே மாதத்திலிருந்து, ஒழுங்காக வாய்தாவுக்கு வந்தவர்களையே நீதிமன்றத்தில் வைத்துக் கைதுசெய்யத் தொடங்கினார்கள். அரசு வக்கீல் உள்ளே வழக்கைத் தள்ளுபடி செய்யச் சொல்வார். நிம்மதியாக வெளியே வருகிறவரை முகமூடி போட்ட அதிகாரிகள் பிடிப்பார்கள், நீதிபதி இல்லாத விரைவு நாடுகடத்தலுக்காக. நியூயார்க்கில் 26 ஃபெடரல் பிளாசா கட்டடத்தின் தாழ்வாரங்களில் இது நடந்தது. கேஸ் வொர்க்கர் என்ற வேலையே ஒரே ஒரு வாக்கின் மேல் நிற்கிறது: “நீ போ, போனால்தான் உனக்கு நல்லது.” இனி அதை அவர் எந்த முகத்தோடு சொல்வார்?

தமிழர்களுக்கு இதில் என்ன என்று கேட்பவர்களுக்கு: அந்த விரைவு நாடுகடத்தலை எதிர்த்து ஓர் ஈழத் தமிழர் தொடுத்த வழக்குதான் 2020இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. தமிழ் மட்டும் பேசத் தெரிந்தவர்களும் இந்த வரிசையில் நிற்கிறார்கள். அரசுத் திட்டம் திரும்பும்வரை இந்த வேலையைச் செய்வது தொண்டு அமைப்புகளும் தன்னார்வலர்களும்தான். அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர்கள் வேண்டும், கார் ஓட்டுகிறவர்கள் வேண்டும், ஏ எண்ணைக் கணினியில் போட்டு அடுத்த விசாரணைத் தேதியைப் பார்த்துச் சொல்கிறவர்கள் வேண்டும். பேச்சும் எழுத்தும் தமிழில் சரளமாக வருகிறவர்கள், வார நாட்களில் அரை நாள் ஒதுக்க முடிந்தவர்கள், வாசலில் இருக்கும் தாளில் பெயரையும் போன் நம்பரையும் எழுதிவிட்டுப் போங்கள். பயிற்சி உண்டு. வக்கீல் படிப்பு தேவையில்லை.