அரை மணி நேரம் போதும்

அவைத் தலைவர் அவர்களே, மண்டபத்தை வாடகையின்றித் தந்த நூலக அலுவலர் அவர்களே, வந்துகொண்டே இருப்பதாகத் தகவல் வந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, பொன்னாடை போர்த்திய வணிகர் சங்கத்தாரே, அனைவருக்கும் வணக்கம்.

ஒரு பிரெஞ்சுக் குறும்படம், அது தொலைக்காட்சிக்குப் போன விதம், அதன் இசை என்று மூன்று செய்திகளோடு வந்திருக்கிறேன். மூர்த்தி சிறிது, கீர்த்தி பெரிது என்பார்களே, அந்த ரகம்.

அமெரிக்க எழுத்தாளர் ஆம்புரோஸ் பியர்ஸ் 1890-ல் எழுதிய கதையை, பிரெஞ்சு இயக்குநர் ராபர்ட் என்ரிக்கோ 'லா ரிவியேர் து இபு', அதாவது 'ஆந்தை ஆறு', என்று படமாக்கினார். கறுப்பு வெள்ளை, அரை மணிக்கும் குறைவு, பேச்சோ மிகச் சொற்பம். அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலம். மரப்பாலத்தில் ஒருவனைத் தூக்கிலிடுகிறார்கள். கயிறு அறுந்து ஆற்றில் விழுகிறான். தண்ணீருக்குள் கைக்கட்டை அவிழ்க்கப் போராடுகிறான், மேலே வருகிறான், குண்டுகளுக்குத் தப்பி ஓடுகிறான்.

எங்கள் ஊரில் இதைத் திரையிட்டபோது முன்வரிசையில் ஒரு பெரியவர். கயிறு அறுந்ததும் கைதட்டினார். அவன் நீந்தும்போது, "மூச்சை விடாதடா தம்பி!" என்றார். காட்டில் ஓடும்போது பக்கத்து நாற்காலிக்காரர் தொடையில் தட்டி, "வீடு வந்துடுச்சு பாரு" என்றார். மனைவி கை நீட்டி ஓடி வருகிறாள், இவனும் ஓடுகிறான், தொடப்போகும் நொடியில் கழுத்து வெட்டி இழுக்கிறது. பாலத்தில் பிணம் தொங்குகிறது. அத்தனையும் சாகும் கணத்தில் மனம் கண்டது! பெரியவர் எழுந்து, "என்னய்யா, ஏமாத்திட்டீங்களே! இன்னொரு தடவை போடுங்க" என்றார். போட்டோம். மறுபடியும் கைதட்டினார்!

1962-ல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் குறும்படத்துக்கான தங்கப் பனை விருது. 1964 பிப்ரவரி 28 அன்று, அமெரிக்காவின் 'ட்வைலைட் சோன்' தொலைக்காட்சித் தொடர் இதையே தன் ஒரு வாரக் கதையாக ஒளிபரப்பியது. வெளியார் எடுத்த படம் என்று, தொடரை உருவாக்கி வழங்கிய ராட் செர்லிங் திரையில் தோன்றி வெளிப்படையாகவே சொன்னார். சொந்தமாக ஒரு பாகம் எடுப்பதைவிட விலைக்கு வாங்குவது மலிவு, அதுவும் காரணம். ஏப்ரலில் ஆஸ்கரும் வந்தது. மூர்த்தி சிறிது, கீர்த்தி பெரிது!

இசைக்கு வருவதற்குள் ஒன்று கேட்கிறேன். நம் தொலைக்காட்சிகளில் மாமியார் முறைப்பதற்கே ஒரு பாகம் போகிறது. வாரம் ஒரு அரை மணி குறும்படத்துக்குக் கொடுத்தால் குடியா முழுகிவிடும்? நம் பிள்ளைகள் கைபேசியில் எடுத்துவிட்டுக் காட்ட இடமில்லாமல் அலைகிறார்கள்.

நேரம் முடிந்தது என்று தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். சரி, இசை அடுத்த கூட்டத்தில். வாசல் மேசையில் அலைவரிசைகளுக்கான மனு இருக்கிறது. கையெழுத்துப் போடுங்கள், பேனாவை அங்கேயே வைத்துவிட்டுப் போங்கள்.