ஆர்ச்சர்ட் சுரங்கப்பாதையில கொட்டாங்குச்சி வயலின் சத்தம்!

வணக்கம் மக்களே! எல்லாரும் சாப்டீங்களா? மணி பத்தே முக்கால் ஆகுது, நாளைக்கு காலையில அஞ்சரைக்கு வேலைக்கு கூட்டிட்டு போற லாரி வந்துரும், ஆனா இத சொல்லாம தூங்க முடியாது. போன் சார்ஜ்ல கெடக்கு, அதனாலதான் கேமரா இப்படி கோணலா இருக்கு. சார்ஜ் கதை ஒண்ணு இருக்கு, வர்றேன்.

இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, நம்ம வழக்கம் உங்களுக்கே தெரியும், சிங்கப்பூர் லிட்டில் இந்தியால இருக்குற தேக்கா மார்க்கெட், மீன், வாழையிலை சாப்பாடு, ரூமு. ஆனா ரூம்ல கூட இருக்குற தம்பிக்கு ஷூ வாங்கணும், ஆர்ச்சர்ட் ரோட்டு லக்கி பிளாசா மால்ல பாப்போம்னான், சரின்னு லிட்டில் இந்தியால ரயில் ஏறி தோபி காட்ல மாறி ஆர்ச்சர்ட்ல எறங்குனோம். எனக்கு ஆர்ச்சர்ட் ரோடு பிடிக்காது, முன்னாடியே ஒரு வீடியோல சொல்லி நீங்க நெறைய பேரு திட்டிட்டீங்க, இருந்தாலும் பிடிக்காது, நடக்க எடம் கெடையாது, எல்லாம் வெல. ஆனா இன்னைக்கு மன்னிச்சுட்டேன்.

ரோட்டுக்கு அடியில ஒரு நடைபாதை போகும்ல, அதுல நடக்கும்போது தூரத்துல ஒரு சத்தம். அப்படியே நின்னுட்டேன். தம்பி ‘என்னண்ணே’ங்கறான். எனக்கு காதுல கேக்குறது எங்க ஊரு மாரியம்மன் கோயில் திருவிழா! கொட்டாங்குச்சி வயலின் விப்பாங்கள்ல, பாதி கொட்டாங்குச்சி, வாயில தோலோ காகிதமோ ஒட்டி, ஒரு மூங்கில் குச்சி, கம்பி, ஒரு வில்லு. தோள்ல ஒரு கட்டா தொங்கவிட்டுகிட்டு ஒண்ண மட்டும் கையில வச்சு சினிமா பாட்டா வாசிச்சுகிட்டே போவாரு. அவரு வாசிச்சா தேன். நாம அழுது பொரண்டு வாங்கி வீட்டுக்கு வந்து இழுத்தா கதவு கிறீச்சுங்கற சத்தம்தான் வரும். அந்த சத்தம் மக்களே, சிங்கப்பூர்ல, தரைக்கு அடியில!

போய் பாத்தா ஒரு சீன அங்கிள், எழுபது வயசு இருக்கும், மடக்கு ஸ்டூல்ல உக்காந்து அர்ஹூன்னு ஒரு சீன வாத்தியம் வாசிக்கிறாரு. ரெண்டே கம்பி. சீனத்துல ‘அர்’னா ரெண்டு. அடியில சின்னதா ஒரு பெட்டி, அதுக்கு மலைப்பாம்பு தோல் கட்டிருக்காங்க. இதுல என்ன விசேஷம்னா வில்லு தனியா வராது, வில்லோட முடி அந்த ரெண்டு கம்பிக்கும் நடுவுல மாட்டியே இருக்கு, ஒரு பக்கம் தள்ளுனா ஒரு கம்பி, இந்தப் பக்கம் இழுத்தா இன்னொரு கம்பி. விரல் வைக்க கீழ பலகையே இல்ல, அந்தரத்துல கம்பிய தொட்டே சுருதி பிடிக்கிறாரு. ஸ்பீக்கர்ல ட்ராக் ஓடவிட்டு மேல கொஞ்சம் வாசிக்கிற ஆளுங்கள எனக்கு ஆகவே ஆகாது. இவரு வெறும் கை, வெறும் கம்பி.

காமணி நேரம் நின்னேன். தம்பி ஷூவுக்கு தனியா போயிட்டான்.

இப்ப மெயின் பிரச்சனைக்கு வர்றேன். காசு குடுக்கணும். முன்னாடி வாத்தியம் வைக்கிற பெட்டிய தொறந்து வச்சிருக்காரு, பக்கத்துல போன்லயே காசு அனுப்புற பேநவ் க்யூஆர் ஒட்டிருக்கு. போன எடுத்தா ஒரு பர்சென்ட், ஸ்கேன் பண்ண போறேன், செத்துப்போச்சு. பர்ஸ்ல ஒரே ஒரு பத்து வெள்ளி நோட்டு, அதாவது பத்து சிங்கப்பூர் டாலர். பத்து குடுக்கலாம்ல அண்ணேன்னு கமெண்ட்ல கேப்பீங்க, நம்ம கணக்கு நோட்டு உங்களுக்கு தெரியும், ஞாயித்துக்கிழமைக்கு இருபது வெள்ளி, அதுல மீதிதான் இந்தப் பத்து. பத்து போட்டுட்டு பெட்டியில கைய விட்டு சில்லற எடுக்குறதா? அத நான் செய்யவே மாட்டேன், அது அவரோட கூலி.

சரின்னு மேல ஏறி ஒரு கடைக்கு போனேன். சும்மா சில்லற கேட்டா இல்லன்னுட்டாங்க. தண்ணி பாட்டில் எடுத்தேன், ஒண்ணு எம்பது. எனக்கு தாகமே இல்ல! ரெண்டு வெள்ளி நோட்டா குடுங்கன்னு கேட்டேன், இல்லயாம், ஒரு அஞ்சு நோட்டு, மூணு ஒரு வெள்ளி காசு, இருபது காசு. காசு எனக்கு வேணாம் மக்களே. ஏன்னா கொஞ்ச நேரம் முன்னாடி ஒருத்தர் நடந்துகிட்டே மேலருந்து காச வீசிட்டு போனாரு, டங்குன்னு சத்தம், அங்கிள் வாசிப்பு நடுவுல. எனக்கு அவ்ளோ கோவம். குனிஞ்சு வச்சா என்ன? திரும்பி எறங்கி வர்ற வரைக்கும் படிக்கட்டுல யோசன, மூணு வெள்ளிய மெதுவா வைக்கவா, அஞ்ச குடுக்கவா. அஞ்சு வெள்ளின்னா ஊரு காசுல முந்நூறுக்கு மேல, ஒரு வேளை சாப்பாடு. அஞ்சையே குனிஞ்சு வச்சேன். அவரு கண்ண மூடி வாசிச்சுகிட்டே தலைய ஆட்டுனாரு. பாருங்க, நோட்டுல எழுதிட்டேன்: ‘அர்ஹூ அங்கிள் 5.00, தண்ணி 1.80’.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். பெட்டி பக்கத்துல வாசிக்கிறதுக்கான அனுமதி அட்டை ஒண்ணு இருந்துச்சு. இங்க நெனச்ச எடத்துல நெனச்சவங்க வாசிக்க முடியாது. தேசியக் கலைகள் மன்றம் 1997லயே இதுக்குன்னு ஒரு திட்டம் கொண்டுவந்துருக்கு, ஆடிஷன்ல வாசிச்சு காட்டி தேறணும், அப்புறம்தான் தெருவுக்கு வரலாம். வாய் தொறந்து யார்கிட்டயும் காசு கேக்கவும் கூடாது. நம்ம ஊர்ல கழைக்கூத்து ஆடுற குடும்பம் பஸ் ஸ்டாண்டு பக்கம் கயிறு கட்டுனா என்ன நடக்கும்? போலீஸ்காரரு லத்தியால தட்டி கெளப்பி விடுவாரு. அந்தரத்துல நடக்குறவங்கள பிச்சைக்காரங்கன்னு சொல்லிட்டு போவாங்க. ஒரு அட்டை, நிக்க ஒரு எடம், இவ்ளோதான் மக்களே. குடுத்தா என்ன கொறஞ்சுரும்? சின்னப் புள்ளைங்கள கயித்துல ஏத்துறது வேற விஷயம், அது எனக்கும் ஒப்பாது. பெரியவங்களோட கலைய சொல்றேன்.

போன தடவ ஒரு தம்பி கேட்டுருந்தீங்க, அங்க தைப்பூசத்துல உறுமி அடிக்கலாமான்னு. இங்கயும் எல்லாம் லேசுல கெடைக்கல. 1973லருந்து ஊர்வலத்துல வாத்தியத்துக்கு தடை, 2016லதான் வழியில மூணு எடத்துல நேரடியா வாசிக்க விட்டாங்க, அப்புறம் இன்னும் தளர்த்துனாங்க.

சரி, அங்கிள் கதைய விட்டுட்டேன். கொஞ்ச நேரத்துல வில்லுக்கு குங்கிலியக் கட்டி மாதிரி ஒண்ணு தேய்ச்சுகிட்டு ரெஸ்ட் எடுத்தாரு. பக்கத்துல போயி, அங்கிள், எங்க ஊர்லயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு, கொக்கநட்ல செய்வாங்கன்னு நமக்கு தெரிஞ்ச இங்கிலீஷ்ல சொல்லி, கையால உருட்டி காமிச்சேன். அவரு சிரிக்கல. கண்ணு பெருசாயிருச்சு. ‘எங்ககிட்டயும் கொக்கநட் இருக்கு லா, யேஹூ!’ன்னாரு. யேன்னா தேங்காயாம்! தியோச்சியூ, கேண்டனீஸ்னு சீனக் கூத்து வகைங்க இருக்குல்ல, அதுல எல்லாம் வாசிப்பாங்களாம், தேங்கா ஓட்டுல செஞ்சது, அதுவும் ரெண்டு கம்பி. இங்க சீன ஏழாம் மாசத்துல, அதாவது பேய் மாசத்துல, மேடை போட்டு வாயாங்னு சீனக் கூத்து ஆடுவாங்கள்ல, பேய்களுக்குன்னு முன்வரிசை நாற்காலிய காலியா விட்டுருவாங்கன்னு ஒரு வீடியோல காட்டுனேனே, அந்த மேடை ஓரத்துல உக்காந்து வாசிக்கிறவங்க கையில நான் கவனிக்காம விட்டது இதுவாத்தான் இருக்கணும். எனக்கு புல்லரிச்சுருச்சு, இப்ப சொல்லும்போதும் பாருங்க கைய.

உங்க ஊருத எனக்கு காட்டுறியான்னு கேட்டாரு. ரூமுக்கு வந்து தம்பி போன்ல அம்மாவுக்கு அடிச்சேன். எதுக்குடா இந்த வயசுல வயலினுன்னாங்க. அங்கிள் கதைய சொன்னேன், கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம், ‘திருவிழாவுக்கு அந்த ஆளு வருவாருடா, அவரு கையில வாசிக்கிறதயே கேட்டு வாங்கி வைக்கிறேன், கட்டுல தொங்குறது வேணாம்’னாங்க. லீவுல போயிருக்க நம்ம சைட் அண்ணன் திரும்பி வரும்போது பெட்டிக்குள்ள துணிக்கு நடுவுல வச்சு எடுத்துட்டு வர்றேன்னு சொல்லிட்டாரு, ஓடு ஒடையாம இருக்கணும். தம்பிக்கு ஷூ கெடைக்கல, அடுத்த வாரமும் ஆர்ச்சர்ட்தான். போன நூறு பர்சென்ட் போட்டுட்டு வர்றேன், அங்கிள் சரின்னா வாசிக்கிறதையும் காட்டுறேன். தூங்குங்க மக்களே.