கல்லூரி விளையாட்டில் கொட்டும் பணம் எங்கே போகிறது?

நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “அமெரிக்கக் கல்லூரிகளின் விளையாட்டுத் துறைகளுக்கு எவ்வளவு வருமானம் வருகிறது? அதை வைத்தே கல்லூரியை நடத்திவிடலாமே?” இந்த இரண்டாம் பாதிதான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

தொகையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறைக்கு மட்டும் 2023 நிதியாண்டில் வந்தது சுமார் 28 கோடி டாலர். டிக்கெட், நன்கொடை, தொலைக்காட்சி உரிமை எல்லாம் சேர்த்து. அது இருக்கும் பிக் டென் என்ற கல்லூரி விளையாட்டுக் கூட்டமைப்பு 2022இல் ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி ஆகிய மூன்று தொலைக்காட்சி நிறுவனங்களோடும் போட்ட ஏழாண்டு ஒளிபரப்பு ஒப்பந்தமே 700 கோடி டாலரைத் தாண்டும்.

அப்படியானால் லாபம்? மறு ஆண்டே அதே துறைக்குச் சுமார் 3.8 கோடி டாலர் துண்டு விழுந்தது! வருமானம் வேறு, மிச்சம் வேறு என்று இங்கே எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். பழைய நேயர்கள் சிரிப்பார்கள். இந்தத் துறைகளுக்குப் பங்குதாரர் கிடையாது. மிச்சம் பிடித்தால் பாராட்ட ஆள் இல்லை, தோற்றால் திட்ட ஊரே இருக்கிறது. ஆகவே வந்ததெல்லாம் செலவாகும். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2023 நவம்பரில் ஜிம்போ ஃபிஷர் என்ற அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளரை நீக்கியது. ஒப்பந்தப்படி அவருக்குத் தர வேண்டியிருந்தது 7.5 கோடி டாலருக்கும் மேல். வேலை பார்க்காமல் இருப்பதற்கு!

இன்னொன்று, சம்பாதிப்பவை பெரும்பாலும் அமெரிக்கக் கால்பந்தும் ஆண்கள் கூடைப்பந்தும்தான். நீச்சல், மல்யுத்தம், துடுப்புப் படகு எல்லாம் அந்தச் சம்பாத்தியத்தில் சாப்பிடுகின்றன. கூட்டுக்குடும்பத்தில் ஓர் அண்ணன் சம்பளம் மாதிரி.

நண்பர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: சம்பாதிக்கும் அண்ணனே இல்லாத கல்லூரியில் யார் கொடுக்கிறார்கள்? மாணவர்கள். வர்ஜீனியாவின் ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் விளையாட்டுக் கட்டணமாக மட்டும் ஆண்டுக்கு 2,000 டாலருக்கு மேல் கட்டுகிறார். மைதானப் பக்கமே போகாதவரும் கட்டத்தான் வேண்டும். கல்லூரியை விளையாட்டு நடத்தவில்லை ஐயா, பல இடங்களில் விளையாட்டைத்தான் கல்லூரி நடத்துகிறது.

வருமானத்தில் பங்கு கேட்டுக் கல்லூரி வீரர்கள் தொடுத்தது ஹவுஸ் வழக்கு. அதில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புதல் தந்த சமரசத்தின்படி, ஒரு கல்லூரி முதல் ஆண்டில் 2.05 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகப் பகிரலாம். உடம்பை வருத்துகிறவர்களுக்குப் பங்கு போவது நியாயம்தான். ஆனால் அந்தப் பணத்தை எந்தக் கல்லூரி எந்தப் பையிலிருந்து எடுக்கிறது என்று கட்டண ரசீதைப் பாருங்கள். சரி, அடுத்த கேள்வி.