காய வெச்சா செத்துப்போற விதை: இலுப்பை, நாவல், அப்புறம் அடம்பிடிக்கிற புன்னை

வணக்கம் மக்களே. கேமராவ கிட்ட கொண்டு வரேன், உள்ளங்கையப் பாருங்க. இந்தப் பக்கம் சரக்கொன்றை விதை. தட்டையா, பழுப்பா, கூழாங்கல் மாதிரி கெட்டி. அந்தப் பக்கம் இலுப்பை. நீளமா, வார்னிஷ் அடிச்ச மாதிரி வழவழன்னு இருக்கு பாருங்க. சப்போட்டா விதை ஞாபகம் வருதா? ரெண்டும் ஒரே குடும்பம்தான்.

இந்த ரெண்டையும் ஒரு டப்பால போட்டு அலமாரில வெச்சு, அடுத்த வருஷம் எடுத்து விதைச்சா கொன்றை முளைக்கும். மேல்தோலைக் கொஞ்சம் உரசி விடணும், அவ்ளோதான். இலுப்பை முளைக்காது. உள்ள எப்பவோ செத்திருக்கும்.

காரணம் ஈரம். கொன்றை நெத்து மரத்துலயே காஞ்சு, அதுக்கப்புறம்தான் விழுது. அந்த மாதிரி விதைய இன்னும் உலர்த்தி, ஈரத்த அஞ்சு சதவீதம் கிட்ட இறக்கி, மைனஸ் 18 டிகிரில வெச்சா பல வருஷம் உயிரோட இருக்கும். விதை வங்கின்னு சொல்றோமே, அது இதுதான். இலுப்பை, நாவல் எல்லாம் ஈரத்தோடயே விழற விதைங்க. காய வெச்சா செல்லோட சவ்வு கெட்டுப்போகும். சரி, காய வைக்காம ஃப்ரீசர்ல வைக்கலாமேன்னா, உள்ள இருக்கற தண்ணி பனிக்கட்டி ஆகி செல்லைக் கிழிச்சிடும். ரெண்டு பக்கமும் கதவு சாத்தியாச்சு.

அப்ப இந்த மாதிரி மரங்களுக்கு வங்கி எது? மண்ணுல உயிரோட நிக்கற மரம்தான். தாவரவியல் பூங்காவோட வேலை இங்கதான் வருது. நம்ம கத்தீட்ரல் ரோடு செம்மொழிப் பூங்காவயே எடுத்துக்குங்க. டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் ஹோட்டல் இருந்த இடம், 2010 நவம்பர்ல திறந்தாங்க, சுமார் 20 ஏக்கர். மலர்க் கண்காட்சின்னா கூட்டம் அள்ளுது. நல்லதுதான். ஆனா சாதா பார்க்குக்கும் தாவரவியல் பூங்காவுக்கும் உள்ள வித்தியாசம் பூவுல இல்லைங்க, பதிவேட்டுல இருக்கு.  ஒவ்வொரு செடிக்கும் ஒரு எண். எண் போடற முறை பூங்காவுக்குப் பூங்கா மாறும், நிறைய இடத்துல வருஷம் முதல்ல, வரிசை எண் அடுத்து. தாய்மரம் எங்க நின்னுது, என்னைக்கு எடுத்தது, விதையா, இல்ல வெட்டி நடற கிளைத்துண்டான போத்தா, எல்லாம் பதிவேட்டுல இருக்கணும். அது இல்லாத மரம் நிழல் தரும், அவ்ளோதான். எந்த ஊர்ப் பிறப்புன்னே தெரியாத மரத்தோட விதைய வெச்சு ஒரு காட்டை எப்படித் திருப்பி உண்டாக்கறது?

இன்னொண்ணு, நிறைய காய்ச்சிருக்கேன்னு ஒரே மரத்துல மூட்டை கட்டாதீங்க. எல்லாக் கன்னும் அண்ணன் தம்பி ஆயிடும், அடுத்த தலைமுறை நோஞ்சானாகும். விதை சேகரிக்கறவங்க வெச்சிருக்கற கணக்கு: முடிஞ்சா 50 தாய்மரம், அன்னைக்கு அங்க பழுத்திருக்கறதுல 20 சதவீதத்துக்கு மேல எடுக்கறதில்ல. மிச்சம் அணிலுக்கும் வௌவாலுக்கும். கிண்டி தேசியப் பூங்காக்குள்ள மட்டும் அனுமதி இல்லாம ஒரு விதைகூடப் பொறுக்காதீங்க, வனவிலங்குச் சட்டம் அது.

சரி, இலுப்பைக்கு வருவோம். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரைன்னு வாய் நிறையச் சொல்றோம், மரத்தக் காட்டுன்னா முழிக்கறோம். ஜூன், ஜூலைல பழம் உதிரும். அன்னைக்கு விழுந்தத அன்னைக்கே பொறுக்கணும். ஈர சாக்குல போட்டுத் தேய்ச்சு சதையக் கழுவி எடுத்துடுங்க, சதை ஒட்டியிருந்தா ரெண்டே நாள்ல பூஞ்சை. அப்புறம் நிழல்ல மேல் ஈரம் போற அளவுக்கு மட்டும் பரப்புங்க. மொட்டைமாடி வெயில்ல மட்டும் வேண்டவே வேண்டாம்.

எல்லாரும் பண்ற தப்பு, பாலிதீன் கவர்ல போட்டு இறுக்கி முடிச்சு போடறது. விதை மூச்சு விடுது மக்களே. கவருக்குள்ள சூடாகி, வியர்த்து, அழுகிடும். துணிப்பைல லேசா ஈரமான மணலோட கலந்து எடுத்துட்டுப் போங்க, ஒரு வாரத்துக்குள்ள விதைச்சிடுங்க.

மண் கலவை: செம்மண் ரெண்டு பங்கு, ஆத்து மணல் ஒண்ணு, மக்கின தொழு உரம் ஒண்ணு. தென்னைநார்த் தூள மட்டும் நம்பாதீங்க, சென்னை வெயில்ல ஒரு தடவ முழுசாக் காஞ்சா அப்புறம் தண்ணி மேலயே நின்னு ஓரமா ஓடிடும். விதையப் படுக்க வெச்சு ரெண்டு சென்டிமீட்டர் மண் மூடினா போதும். ரெண்டுலேர்ந்து நாலு வாரத்துல தலை நீட்டும்.

பை விஷயத்துல கஞ்சத்தனம் வேண்டாம். ஆணிவேர் மரம் இது. நாலு இஞ்ச் குட்டைப் பைல போட்டா வேர் அடியில தட்டி, முறுக்கு மாதிரி சுருண்டுக்கும். மேல பாத்தா கன்னு பச்சையா ஜம்முன்னு இருக்கும், ஒண்ணும் தெரியாது. நட்டு பத்து வருஷம் கழிச்சும் பிடிமானம் இருக்காது. 2016 டிசம்பர் 12 வர்தா மாதிரி ஒரு காத்து வந்தா அடியோட சாய்ஞ்சிடும். அதனால 6-க்கு 12 இஞ்ச் பை எடுங்க, கம்பி வலை மேல தூக்கி வைங்க. அடியில வெளிய வர்ற வேர்நுனி காத்துப் பட்டுக் கருகி, பக்கவேர் கிளம்பும். தரையில வெச்சீங்கன்னா மாசம் ஒரு தடவ நகர்த்துங்க, இல்லன்னா பையக் கிழிச்சுட்டு பூமிக்குள்ள போயிடும்.

நாத்து திடீர்னு சாஞ்சா, மண்மட்டத்துல தண்டத் தொட்டுப் பாருங்க. நூல் மாதிரி மெலிஞ்சிருந்தா அது நாத்தழுகல். அந்தக் கன்னைக் காப்பாத்த முடியாது, பையோட ஒதுக்கிடுங்க. சாயங்காலத் தண்ணிய நிறுத்தி, காலைல மட்டும் ஊத்துங்க. இலை ஓரம் மட்டும் கருகினா அது நோய் இல்ல, போர் தண்ணியோட உப்பு. பதினஞ்சு நாளுக்கு ஒரு தடவ அடியில வழியற அளவுக்கு நிறைய ஊத்தி உப்ப இறக்குங்க. மழைத்தண்ணி பிடிச்சு வெச்சிருந்தா இன்னும் உத்தமம்.

நாவலுக்கும் இதே கதைதான், ஒரு வேடிக்கையத் தவிர. ஒரே விதைலேர்ந்து ரெண்டு மூணு கன்னு வரும். நோஞ்சானைப் பிடுங்கினா நல்லதோட வேரும் ஆடிடும், கத்திரியால அடியில வெட்டி விடுங்க.

புன்னை வேற ரகம். மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில் தலமரம்னு தெரியும்ல, அதேதான். தண்ணில போட்டு, மிதக்கறதெல்லாம் சொத்தைன்னு தூக்கிப்போடற பழக்கத்த இங்க காட்டாதீங்க. புன்னங்காய் கடல்ல மிதந்து கரை மாறுற ஜாதி, நல்லதே மிதக்கும். ஓட்டோட விதைச்சா முளைக்க ரெண்டு மாசம் ஆகும். ஓட்ட எடுத்துட்டா மூணு வாரம் போதும். சுத்தியல் வேண்டாம், பருப்பு நசுங்கிடும். அம்மி மேல வெச்சு குழவியால லேசாத் தட்டுங்க, விரிசல் விட்டதும் நகத்தால பிரிங்க.

பனையப் பைல போடவே போடாதீங்க. கொட்டை முதல்ல கிழங்கத்தான் ஆழமா கீழ இறக்கும், இலை அப்புறம்தான். நிரந்தர இடத்துல நேரா ஊனிடுங்க.

கடைசியா லேபிள். மார்க்கர் பேனா நம்மூர் வெயிலுக்குச் சில மாசத்துல வெளுத்துடும். பென்சில்ல எழுதுங்க, நிக்கும். இதோ, இந்த பிளாஸ்டிக் பட்டையப் பாருங்க: இலுப்பை, தாய்மரம் நின்ன தெரு, பொறுக்கின தேதி. ஒண்ணு வெளிய குத்துங்க, இன்னொண்ண மண்ணுக்குள்ள புதைச்சிடுங்க. வெளிய இருக்கறத எப்படியும் காக்கா பிடுங்கிட்டுப் போயிடும்.