ஆண்ட்ரேயைத் தூக்கியது எப்படி?

நேயர்களுக்கு வணக்கம்.

1987 மார்ச் 29. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பாண்டியாக் சில்வர்டோம் அரங்கம். யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்து ஆடும் தொழில்முறை மல்யுத்தக் காட்சி. மல்யுத்த வீரர் ஹல்க் ஹோகன், ராட்சச உருவம் கொண்ட எதிராளி ஆண்ட்ரே த ஜயன்ட்டை அலாக்காகத் தூக்கிக் கீழே போட்டார். ஆண்ட்ரேயின் எடை 520 பவுண்டு, சுமார் 236 கிலோ என்று அறிவித்திருந்தார்கள். இந்தத் தொழிலில் எடையைக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஓர் ஆள் தூக்குகிற பாரமா அது?

எதிராளியும் ஒத்துழைத்தால்தான் இந்தத் தூக்கு நடக்கும். தூக்குகிறவர் ஒரு கையை எதிராளியின் கால்களுக்கு நடுவே கொடுப்பார். மறு கை தோளைத் தாண்டி முதுகைப் பிடிக்கும். அந்த நொடியில் எதிராளி ஒரு எம்பு எம்ப வேண்டும், தூக்குகிறவரின் தொடையில் கை ஊன்றி உந்தவும் வேண்டும். உடம்பைத் தளர விட்டால் நெல் மூட்டை மாதிரி கனக்கும். தூக்குகிறவரின் இடுப்பு பிடித்துக்கொள்ளும். விழும்போது மோவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, முதுகு முழுவதும் ஒரே சமயத்தில் பட விழ வேண்டும். பின்மண்டை முதலில் பட்டால் கழுத்துக்கு ஆபத்து.

ஆண்ட்ரேயோ எம்பக்கூடிய நிலையில் இல்லை. முந்தைய ஆண்டுதான் முதுகில் அறுவை சிகிச்சை. உடைக்குள் முதுகுப் பட்டை கட்டியிருந்தார். நிற்பதற்கே மேடையைச் சுற்றிய கயிறு துணை. ஆட்டத்தின் ஆரம்பத்தில் ஹோகன் தூக்கப்போய், ஆண்ட்ரேயின் அடியிலேயே சிக்கி விழுந்தார். தோள்கள் தரையில் பட்டிருக்க நடுவர் மூன்று எண்ணிவிட்டால் தோல்வி. நடுவர் இரண்டு எண்ணினார். மூன்று என்று ஆண்ட்ரே தகராறு செய்தார். அதுவும் ஏற்பாடுதான். ஆனால் இவரைத் தூக்கவே முடியாது என்று கூட்டம் நம்பிவிட்டது. 1980-லேயே நியூயார்க்கின் ஷே மைதானத்தில் இதே ஹோகன் இவரைத் தூக்கிப் போட்டிருந்ததை விளம்பரக்காரர்கள் வசதியாக மறந்துவிட்டார்கள்!

1946-ல் பிரான்ஸில் பிறந்த ஆண்ட்ரே ரூசிமோஃப், பிட்யூட்டரி சுரப்பியில் வளர்ச்சி ஹார்மோன் மிதமிஞ்சிச் சுரந்ததால் அப்படி வளர்ந்தவர். இளமையில் துள்ளி இரு காலாலும் உதைப்பார். 1973-ல் அமெரிக்காவில் அவரைப் பொறுப்பேற்ற மல்யுத்த நிறுவன முதலாளி மூத்த வின்ஸ் மெக்மஹன் அதை நிறுத்தச் சொன்னார்: ராட்சசன் துள்ளக் கூடாது, நிற்க வேண்டும். ஒரே ஊரிலும் அதிக நாள் வைக்கவில்லை. பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்கிற கணக்குதான்.

எலும்பை வளர்த்த அதே ஹார்மோன் இதயத்தையும் பெருக்க வைக்கும். 1993 ஜனவரியில், தந்தையின் இறுதிச் சடங்குக்காகப் பிரான்ஸ் போயிருந்தபோது, பாரிஸ் ஹோட்டல் அறையில் தூக்கத்திலேயே இதயம் செயலிழந்து இறந்தார். வயது 46.