இக்கரையில் சரக்கு, அக்கரையில் குற்றம்: அமெரிக்க மாநிலங்களும் கிராட்டமும்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் பெட்ரோல் போட்டுவிட்டுப் பணம் கட்டக் கடைக்குள் போனால், பல ஊர்களில் கல்லாவுக்குப் பக்கத்திலேயே விரல் நீளச் சின்ன பாட்டில்களும் பச்சைப் பொடி அடைத்த பாக்கெட்டுகளும் கண்ணில் படும். லைட்டர், சூயிங்கம், லாட்டரிச் சீட்டு, அதோடு கிராட்டம். இதை விற்பது சட்டப்படி சரியா என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வண்டியை எந்த மாநிலத்தில் நிறுத்தினீர்கள்?

கிராட்டம், காபிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மரம். தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியாப் பக்கம் வளர்வது. மலேசியத் தமிழர்களுக்குக் கெத்தும் என்று சொன்னால் உடனே புரியும். நம் ஊர் நீர்க்கடம்பு இதற்கு உறவு முறை. அதற்காக யாரும் இலையைப் பறித்து மென்று பார்க்க வேண்டாம், அதில் இருப்பது வேறு. தென்கிழக்கு ஆசியாவில் வெயிலில் உழைப்பவர்கள் அலுப்புத் தெரியாமலிருக்க இந்த இலையை நெடுங்காலமாக மென்று வந்திருக்கிறார்கள். இலையில் முக்கியமான பொருள் மைட்ராஜைனின். இன்னொன்று, மிகச் சிறிய அளவில் இருப்பது, 7-ஹைட்ராக்ஸி மைட்ராஜைனின். கடைக்காரர்கள் சுருக்கமாகச் செவன் ஓ.எச். என்கிறார்கள். அளவில் சிறியதே தவிர வீரியத்தில் பெரியது. மூளையில் மார்ஃபின் போய் உட்காரும் அதே இடத்தில் இதுவும் போய் உட்காரும். தொடர்ந்து எடுத்தால் பழக்கமாகிவிடும், நிறுத்தினால் உடம்பு படுத்தும்.

அப்படியானால் மத்திய அரசு என்ன செய்தது? 2016 ஆகஸ்ட் கடைசியில் போதைப்பொருள் தடுப்பு அமைப்பான டி.இ.ஏ., இந்த இரண்டு பொருள்களையும் ஹெராயின் இருக்கிற, மிகக் கடுமையான கட்டுப்பாடு கொண்ட முதல் அட்டவணையில் தற்காலிகமாகச் சேர்க்கப் போவதாக அறிவித்தது. வெள்ளை மாளிகை முன்னால் கூட்டம் கூடியது, லட்சத்துக்கும் மேல் கையெழுத்துகள் குவிந்தன, நாடாளுமன்ற உறுப்பினர்களே எதிர்த்துக் கடிதம் எழுதினார்கள். அக்டோபரில் டி.இ.ஏ. பின்வாங்கிவிட்டது. ஓர் அறிவிப்பை இப்படித் திரும்பப் பெறுவது அந்த அமைப்புக்கு வழக்கமே இல்லை. உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ.வோ, இதை மருந்தாகவும் உணவாகவும் ஒப்புக்கொள்ளவில்லை. இறக்குமதியைத் தடுத்து வைக்கவும் உத்தரவு போட்டது. ஆனாலும் கையில் வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றமில்லை. இந்த இடைவெளியில்தான் மாநிலங்கள் ஆளுக்கொரு வழியாகப் புகுந்தன.

இந்தியானாவும் விஸ்கான்சினும் 2014லேயே தடை செய்தன. இந்தியானா செய்த விதம் எனக்கு இன்றும் வேடிக்கையாக இருக்கிறது. மரத்தில் தானாக விளையும் பொருளைச் செயற்கைப் போதைப்பொருள்கள் பட்டியலில் எழுதி வைத்தார்கள்! வெர்மான்ட், ஆர்கன்சா, அலபாமா மூன்றும் 2016ல் தடைப் பக்கம் சேர்ந்தன.

அலபாமாவின் எல்லையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். ஜார்ஜியாவில் கொலம்பஸ் என்று ஓர் ஊர். சட்டஹூச்சி ஆற்றைப் பாலத்தில் கடந்தால் அலபாமாவின் ஃபீனிக்ஸ் சிட்டி. நடந்தே போய்விடலாம். ஜார்ஜியா 2019ல் கிராட்டத்தைத் தடை செய்யாமல் ஒழுங்குபடுத்தியது. 2025 தொடக்கத்திலிருந்து வாங்குபவருக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும் என்றும் இறுக்கியது. ரசீதோடு வாங்கிய பாக்கெட்டைப் பையில் வைத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டினால், பையில் இருப்பது முதல் அட்டவணைப் போதைப்பொருள். பாலத்தில் இதற்கென்று ஒரு பலகைகூட இருக்காது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்புவது எந்த ஊர் நீதிமன்றத்திலும் கஷ்டம்தான்.

தடைக்கு மாற்றாக வந்தது கிராட்டம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். முதலில் கொண்டுவந்தது யூட்டா, 2019ல். அதற்குப் பின்னால் விற்பனையாளர்கள் பக்கம் நிற்கும் அமெரிக்கன் கிராட்டம் அசோசியேஷன் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தேவையும் இருந்தது. அதற்கு முந்தைய வருடம்தான் கிராட்டம் பொடியில் சால்மொனெல்லா கிருமி கலந்து 41 மாநிலங்களில் 199 பேர் நோயில் விழுந்திருந்தார்கள். சரக்கைத் திரும்பப் பெறச் சொல்லி ஒரு நிறுவனத்துக்கு எஃப்.டி.ஏ. கட்டாய உத்தரவே போட வேண்டியிருந்தது; அப்படிப்பட்ட உத்தரவு அதுதான் முதல் தடவை.

யூட்டா சட்டத்தில் ஒரு வரியை மட்டும் சொல்கிறேன். மொத்த ஆல்கலாய்டுகளில், அதாவது மைட்ராஜைனின் போன்ற வீரியப் பொருள்களில், செவன் ஓ.எச். 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எழுதியபோது அதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. நாலைந்து வருடம் கழித்து, செவன் ஓ.எச்.சை மட்டும் செறிவாக்கி மாத்திரையாகவும் மிட்டாயாகவும் விற்க ஆரம்பித்தபோதுதான் அந்த வரியின் அருமை தெரிந்தது. 2025 ஜூலையில் எஃப்.டி.ஏ. செவன் ஓ.எச்.சைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப் பரிந்துரைத்தது. தன் குறி இயற்கை இலையல்ல என்றும் சொன்னது. அடுத்த மாதமே ஃபுளோரிடா அவசர விதி போட்டு அதைத் தடை செய்தது. இலை அங்கே 21 வயதுக்கு மேல் அனுமதி. ஆனால் அதே ஃபுளோரிடாவில் சாரசோட்டா கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) மட்டும் இலைக்கும் தடை. மாநிலத்துக்குள் மாநிலம்!

என்னைக் கேட்டால், வரம்பு போட்ட மாநிலங்கள்தான் கொஞ்சம் யோசித்திருக்கின்றன. ஒரேயடியாகத் தடை செய்தால், ஆய்வகச் சோதனை, லேபிள், வயதுச் சரிபார்ப்பு எல்லாமே கைவிட்டுப் போகும். சரக்கு மட்டும் வேறு வழியில் வரும். ஆனால் 2 சதவீதம் என்று சட்டத்தில் எழுதிவிட்டு, கடையில் போய் ஒரு பாட்டிலை எடுத்துச் சோதிக்க ஆள் வைக்காவிட்டால் அதுவும் ஏட்டுச் சுரைக்காய்தான். மறுதரப்பு வாதமும் லேசானதல்ல: அளவு மீறி எடுத்து, மற்ற மருந்துகளோடு கலந்து இறந்தவர்களின் குடும்பங்கள் சட்டமன்றக் குழுக்கள் முன்னால் வந்து பேசும்போது, சதவீதக் கணக்கு எடுபடாது.

அதனால்தான் 2025ல் இரண்டு மாநிலங்கள் எதிரெதிர்த் திசையில் போயின. ஆகஸ்ட் 1 முதல் லூசியானா முழுத் தடைக்குப் போனது. 2017 முதல் தடை வைத்திருந்த ரோட் ஐலண்டோ, 2026 ஏப்ரல் 1 முதல் உரிமத்தோடு விற்கலாம் என்று சட்டத்தை மாற்றியது. ஆகவே மாநிலம் தாண்டிப் போகிறவர்கள், போகும் இடத்தின் சட்டத்தைக் கிளம்பும் முன் அந்த மாநில அரசின் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால், பாட்டிலில் செவன் ஓ.எச். என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.