மில்வாக்கியில் நீக்கப்பட்ட ஒரு பத்தி

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

சொந்தக் கட்சியில் ஒருவர் சர்ச்சையைக் கிளப்பினால் தலைவர் அவரைக் கைவிட வேண்டுமா, அணைத்துப் போக வேண்டுமா என்பது இன்றைய கேள்வி. கைவிட வேண்டும், அதையும் காலம் தாழ்த்தாமல் ஊரறியச் செய்ய வேண்டும் என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் அமெரிக்காவின் குடியரசுக் கட்சி செனட்டர் ஜோசப் மெக்கார்த்தியை எடுத்துக்காட்டினார். "அதே கட்சியின் அதிபர் ஐசனோவர் அவரைப் பெயர் சொல்லித் தாக்காமல் பொறுத்திருந்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பதுபோல மெக்கார்த்தி தானாகவே வீழ்ந்தார், கட்சியும் பிழைத்தது" என்றார். நானும் அதே மெக்கார்த்தியையே எடுத்துக்கொள்கிறேன்.

1950 பிப்ரவரியில் வெளியுறவுத் துறைக்குள் கம்யூனிஸ்டுகள் புகுந்திருக்கிறார்கள், பட்டியல் என் கையில் இருக்கிறது என்று அவர் மேடையில் முழங்கினார். 205 பேர் என்று செய்தி வந்தது. சில நாட்களில் அது 57 ஆனது. எண்ணிக்கை மாறிக்கொண்டே இருந்தது, ஆதாரம் மட்டும் வரவே இல்லை. ஜனநாயகக் கட்சியின் செனட்டர் டைடிங்ஸ் தலைமையிலான குழு விசாரித்து, இது மோசடி, புரட்டு என்று அறிக்கை தந்தது. யார் கேட்டார்கள்? எதிர்க்கட்சிக்காரன் அப்படித்தான் சொல்வான் என்று குடியரசுக் கட்சியினர் தள்ளிவிட்டார்கள். அந்த நவம்பரில் டைடிங்ஸ் தோற்றார். அவர் கம்யூனிஸ்டுத் தலைவருடன் நிற்பதுபோல ஒட்டுப்போட்ட படம் ஒன்றும் அந்தத் தேர்தலில் வாக்காளர்களிடம் போயிருந்தது.

நடுவர் அவர்களே, என் வாதத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. ஒரு கட்சிக்காரரின் பொய்யை எதிர்க்கட்சி சொன்னால் அது அரசியல் ஆகிவிடுகிறது. சொந்தக் கட்சி சொன்னால்தான் அது சாட்சியம் ஆகிறது. அந்தச் சாட்சியத்தைத் தர வேண்டியவர் வாயை மூடிக்கொண்டால் வேறு எவராலும் அந்த இடத்தை நிரப்ப முடியாது.

தந்தவர் ஒருவர் உண்டு. மெய்ன் மாநிலத்தின் மார்கரெட் சேஸ் ஸ்மித். அப்போது செனட்டில் இருந்த ஒரே பெண், அதுவும் முதல் தவணை உறுப்பினர். 1950 ஜூன் 1 அன்று செனட்டர்களை அவைக்கு ஏற்றிச் செல்லும் சிறிய சுரங்க ரயிலுக்கு வந்தவர் மெக்கார்த்தியையே நேருக்கு நேர் சந்தித்தார். "மார்கரெட், முகம் இறுக்கமாக இருக்கிறதே, பேசப் போகிறீர்களா?" என்று அவர் கேட்டார். "ஆமாம், அது உங்களுக்குப் பிடிக்காது" என்றார் ஸ்மித். அவைக்குள் போய் ஏறத்தாழ கால் மணி நேரம் பேசினார். அச்சம், அறியாமை, வெறுப்பு, அவதூறு என்னும் நான்கு குதிரைகளின் மேல் ஏறி என் கட்சி வெற்றிக்குப் போவதை நான் காண விரும்பவில்லை என்றார். அவருடன் கையொப்பமிட்ட குடியரசுக் கட்சி செனட்டர்கள் ஆறே பேர். மெக்கார்த்தி அவரை விசாரணைத் துணைக்குழுவிலிருந்து தூக்கினார். 1954-இல் ஸ்மித்தை எதிர்த்துக் கட்சிக்குள்ளேயே ஒருவரை நிறுத்தினார்கள். மெய்ன் மக்கள் ஸ்மித்தைப் பெரும் வித்தியாசத்தில் வெல்ல வைத்தார்கள்.

இனி ஐசனோவர். அவர்மீது எனக்கு மதிப்பு உண்டு. அதனால்தான் இந்த இடம் எனக்கு வலிக்கிறது. அவரை அடையாளம் கண்டு உயர்த்தியவர் தளபதி ஜார்ஜ் மார்ஷல். அந்த மார்ஷலையே மாபெரும் சதியில் பங்காளி என்று மெக்கார்த்தி 1951-இல் செனட்டில் தூற்றினார். 1952 அக்டோபர் 3 அன்று, அதிபர் வேட்பாளராக இருந்த ஐசனோவர், மெக்கார்த்தியின் சொந்த மாநிலமான விஸ்கான்சினில், மில்வாக்கி நகரில் பேச வேண்டும். மார்ஷலின் நாட்டுப்பற்றைப் போற்றும் ஒரு பத்தி அந்த உரையில் இருந்தது. ரயிலில் வந்துகொண்டிருந்தபோதே மாநில ஆளுநரும் உடனிருந்தவர்களும் வற்புறுத்தினார்கள், அந்தப் பத்தியை எடுத்துவிட்டார். மேடையில் மெக்கார்த்தியும் இருந்தார்.

எதற்காக இது? வாக்குக்காக! சரி, வாக்குக் கணக்கையே பார்ப்போம். அந்த நவம்பரில் விஸ்கான்சினில் ஐசனோவர் ஏறத்தாழ 61 விழுக்காடு பெற்றார். அதே மாநிலத்தில், அதே நாளில் மெக்கார்த்தி பெற்றது 54. யார் தயவில் யார் வென்றார்கள்? நாடு முழுவதும், அதிபரைத் தீர்மானிக்கும் தேர்வாளர் வாக்குகளில் 442-ஐ அள்ளியவருக்கு அந்தப் பத்தியை வாசிக்க எவருடைய அனுமதி வேண்டும்?

வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது. தன் கட்சியே ஆட்சிக்கு வந்த பிறகு மெக்கார்த்தி நிறுத்தினாரா? ராணுவத்தின் பக்கம் திரும்பினார். நார்மண்டியில் ஐசனோவரின் படையில் போரிட்ட ஸ்விக்கர் என்ற தளபதியைப் பார்த்து, இந்தச் சீருடையை அணியவே உமக்குத் தகுதியில்லை என்றார்.

தொண்டர்கள் கொதிப்பார்கள் என்று எதிரணி அஞ்சுகிறது. கொதிப்பார்கள், மறுக்கவில்லை. பிரிட்டனில் 1968 ஏப்ரல் 20 அன்று ஈனோக் பவல் குடியேறிகளுக்கு எதிராகப் பேசியதும் மறுநாளே அவருடைய கன்சர்வேட்டிவ் கட்சியின் தலைவர் எட்வர்ட் ஹீத் அவரை நிழல் அமைச்சரவையிலிருந்து, அதாவது எதிர்க்கட்சியின் மாற்று அமைச்சரவையிலிருந்து, நீக்கினார். லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் பவலுக்காக ஊர்வலம் போனார்கள். கருத்துக்கணிப்பில் பெரும்பான்மையோர் பவல் பக்கமே நின்றார்கள். ஆனாலும் 1970 தேர்தலில் ஹீத் வென்று பிரதமரானார். நீக்கியதால் கட்சி இடிந்து விழுந்துவிடவில்லை.

மீண்டும் மெக்கார்த்தி. அவர் தானாக வீழ்ந்தார் என்பதை நான் ஏற்கவில்லை. அவர்மீது தீர்மானம் கொண்டுவந்தவர் அவருடைய கட்சியின் ஃபிளாண்டர்ஸ். விசாரித்த குழுவின் தலைவர் அதே கட்சியின் வாட்கின்ஸ். 1954 டிசம்பர் 2 அன்று 67-க்கு 22 என்ற கணக்கில் கண்டனம் நிறைவேறியபோது குடியரசுக் கட்சியினரில் சரிபாதி, 22 பேர், அதற்கு வாக்களித்தார்கள். ஸ்மித்தையும் சேர்த்து ஏழாக இருந்தது இருபத்திரண்டு ஆவதற்கு நான்கரை ஆண்டுகள் பிடித்தன.

அந்தக் கண்டனத்துக்கு ஒரு மாதம்கூட இல்லாத நிலையில், நவம்பர் 5 அன்று, ஐசனோவரின் அரசே ஜான் பேடன் டேவிஸ் என்ற தூதரக அதிகாரியை வேலையைவிட்டு நீக்கியது. சீனாவைப் பற்றித் தான் கண்டதைக் கண்டபடி எழுதி அனுப்பியவர் அவர். மெக்கார்த்தியின் வாயில் ஓயாமல் அடிபட்ட பெயர். பெரு நாட்டின் லிமா நகரில் மரச்சாமான் தொழில் செய்து பிழைத்தார். அவர் நம்பத்தக்கவர் என்று அரசு மறுபடியும் ஒப்புக்கொண்டது 1969-இல். மெக்கார்த்தி இறந்தே அப்போது ஏறத்தாழ 12 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த மரச்சாமான் பட்டறைக்குள் போய், டேவிஸின் முகத்தைப் பார்த்து, எங்கள் தலைவர் பொறுத்திருந்தது சரிதான் என்று எதிரணித் தலைவரால் சொல்ல முடியுமா? அதற்கு மட்டும் அவர் பதில் தரட்டும், நடுவர் அவர்களே. நன்றி.